பின்னறையில் ஒரு வானொலி நிலையம்

தாமானில் வரிசை வீடு வாங்கியவர்களுக்கு 22 அடி அகலம், 70 அடி நீளம் என்ற கணக்கு மனப்பாடம். அகலம் போதாது என்று எல்லாரும் குறைப்பட்டுக்கொள்வோம். எனக்கோ அந்த 70 அடி நீளம்தான் வரமாக அமைந்தது. ஹாம் ரேடியோக்காரர்களிடையே மாலை நேரத்தில் களைகட்டுவது 40 மீட்டர் அலைவரிசை. அதற்கு அலைநீளத்தில் பாதி, அதாவது சுமார் 20 மீட்டர் ஏரியல் கம்பி வேண்டும். அடிக்கணக்கில் சொன்னால் 66. முன்கேட் அருகே ஒரு கம்பம், பின்சந்துப் பக்கம் ஒரு கம்பம், நடுவே கூரைக்கு மேல் ஒரு செம்புக் கம்பி. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அவ்வளவு உயரத்தில் எப்படித் துணி காயப்போடுவீர்கள் என்று கேட்டார்.

ஹாம் ரேடியோ என்பது பொழுதுபோக்குக்காகத் தனியாள் நடத்தும் வானொலி நிலையம். பாட்டு ஒலிபரப்பக் கூடாது, காசு சம்பாதிக்கக் கூடாது. தேர்வு எழுதி, தொடர்பு பல்லூடக ஆணையத்திடம் உரிமம் பெற வேண்டும். அப்போது ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். தீபகற்ப மலேசியாவில் அது 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும், சிங்கப்பூரில் 9வி1. அந்தக் குறிதான் காற்றில் நமக்குப் பெயர்.

வேலை நாட்களில் இதற்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு பின்னறையைக் காலி செய்து மேசை போட்டேன். அதே ஆண்டில்தான் காதுப் பரிசோதனைக்கும் போனேன். மேல்சுருதி ஒலிகள் இரு காதிலும் குறைந்துவிட்டன, வயதானால் வருவதுதான் என்றார் மருத்துவர். ஆண்டுக்கு ஆண்டு இன்னும் கொஞ்சம் குறையலாம் என்றும் சொன்னார். கேட்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவனுக்கு இது லேசான செய்தி அல்ல. எதற்கு இனி வானொலி என்று இரண்டு வாரம் மேசையைத் தொடவே இல்லை.

அந்த நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு. எனக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்த மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வழக்கில் அப்படி மறைந்தவரை ‘சைலண்ட் கீ’, அதாவது ஓய்ந்துவிட்ட தந்திச்சாவி என்போம். அழைத்தது அவர் மனைவி. “தம்பி, பசங்க வீட்ட விக்கப் போறாங்க. அவரோட பெட்டிய யாராவது பழைய இரும்புக்குப் போடுறதுக்குள்ள நீங்க வந்து எடுத்துட்டுப் போயிடுங்க” என்றார்.

அது 1970களில் ஜப்பானில் செய்த யேசு எஃப்டி-101இ. பாதி டிரான்சிஸ்டர், பாதி வால்வு. நீண்டநாள் கிடந்த இத்தகைய பெட்டியை நேராகப் பிளக்கில் சொருகக் கூடாது. உள்ளே இருக்கும் பழைய கப்பாசிட்டர்கள் உலர்ந்து போயிருந்தால் வெடிக்கும். ஆகவே 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து மின்சாரம் கொடுப்போம். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். என் பல்பு மெல்ல மங்கியது. இருந்தாலும் கோலாலம்பூர் பசார் ரோட்டுக்குப் போய் புதிய கப்பாசிட்டர்கள் வாங்கி மாற்றினேன். மூடியைத் திறக்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. கடைசி வால்வுகளுக்குப் போகும் மின்னழுத்தம் சுமார் 600 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் உள்ளே தங்கியிருக்கும்.

அந்த வால்வுகளுக்கு ஒரு கதை உண்டு. 6ஜேஎஸ்6சி என்ற அவை வானொலிக்காகப் பிறந்தவை அல்ல, பழைய கலர் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்காகச் செய்தவை. அந்தத் தொலைக்காட்சிகள் போன பிறகு வால்வு கிடைப்பதே அரிதாகிவிட்டது. அதனால் அளவோடுதான் பயன்படுத்துகிறேன். பெட்டியைப் போட்டதும் வால்வு சூடேறக் காத்திருக்க வேண்டும். அலைவரிசை மாற்றும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து இரண்டு மூன்று குமிழ்களைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஒத்துவராது.

அதன் பக்கத்தில் அமர்ந்திருப்பது 2016இல் சந்தைக்கு வந்த ஐகாம் ஐசி-7300. செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஏரியலில் வரும் அலையை இது நேராக எண்களாக மாற்றிவிடுகிறது. திரையில் அருவிபோல் நிறங்கள் இறங்கும். யாரோ பேசினால் அங்கே ஒரு கோடு தெரியும். காது தவறவிட்டதைக் கண் பிடித்துக்கொள்கிறது. வீட்டிலுள்ள எல்இடி விளக்கும் போன் சார்ஜரும் கிளப்பும் இரைச்சல்கூட அதில் கோடுகோடாகத் தெரியும். எந்தச் சார்ஜர் குற்றவாளி என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கண்டுபிடித்தேன்.

இதைக் கணினியோடு இணைத்தால் எஃப்டி8 என்ற முறையும் கிடைக்கும். 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவன் ஃபிராங்கும் சேர்ந்து 2017இல் வெளியிட்டது. 15 விநாடிக்கு ஒரு முறை குறுஞ்செய்தி மாறிமாறிப் போகும். இரைச்சலுக்குள் புதைந்து காதுக்கே எட்டாத சமிக்ஞையையும் கணினி படித்துவிடும். ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் மௌனமாகத் திரையில் வந்து நிற்கும். காது குறைந்தவனுக்கு வேறென்ன வேண்டும்? பழைய பெட்டியை அலமாரிக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் எண்ணினேன்.

ஆனால் காது வேறு கணக்குச் சொன்னது. பேச்சில் எனக்குத் தவறுவது மெய்யெழுத்துகள். ‘ச’வும் ‘ஃப’வும் மேல்சுருதியில் இருப்பவை. குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை. மோர்ஸ் அப்படியில்லை. ஒரே ஒரு சுருதி. அதையும் 500, 600 ஹெர்ட்ஸ் என்று நமக்கு வேண்டிய இடத்தில் வைத்துக் கேட்கலாம். முதுமை பெரும்பாலும் மேல்சுருதியைத்தான் முதலில் பறிக்கிறது. கீழ்ச்சுருதி வெகுநாள் துணைக்கு இருக்கும். ஆக, பேச்சு தேயத் தேய எனக்குத் தெளிவாகக் கேட்பது, 19ஆம் நூற்றாண்டில் பிறந்த அந்த முறைதான். “புள்ளி, கோடுன்னு எண்ணாதீங்க தம்பி, மெட்டு மாதிரி கேளுங்க” என்பார் நண்பர். அன்று ஏ வகுப்பு உரிமத்துக்காகக் கற்றது, இன்று ஊன்றுகோலாகிவிட்டது.

“போன் இருக்கே அப்பா, இதெல்லாம் எதுக்கு?” என்று மகள் கேட்பாள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி வந்தபோது, இந்தியாவின் பாரதி பிரசாத் அந்தமானின் போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்தார். உலக நண்பர்களோடு உரையாடப் போனவர். தொலைபேசிகள் செயலிழந்த வேளையில், உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தகவல்களை அந்த நிலையத்திலிருந்து வெளியே அனுப்பினார். என் மேசைக்கடியிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி எப்போதும் சார்ஜில் இருக்கிறது. மின்சாரம் போனால் புதிய பெட்டி அதில் ஓடும்.

ஆர்வமுள்ளவர்கள் பெட்டி வாங்குவதற்கு முன் தேர்வை எழுதிவிடுங்கள். ஏரியலுக்கும் எர்த்துக்கும் முதலில் செலவழியுங்கள். நம் நாட்டில் மாலை மழை இடியில்லாமல் வராது. வானம் கறுத்ததும் ஏரியல் வயரைக் கழற்றிவிடுங்கள். மோர்ஸை மட்டும், தேர்வுக்குத் தேவையோ இல்லையோ, காது நன்றாக இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

கடந்த மாதம் என் காது மீண்டும் கொஞ்சம் இறங்கியிருப்பதாகப் பரிசோதனை காட்டியது. அன்றிரவு பழைய பெட்டியைச் சூடேற்றி, நண்பரின் சாவியில் அழைத்தேன். இந்தோனேசியாவிலிருந்து ஒருவர் நிதானமாகப் பதில் தந்தார். ஓர் எழுத்தும் தவறவில்லை.