பழைய பெட்டிக்கு ஒரு பரீட்சை

எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் முனகுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றது, கூடத்து ஜன்னலோரம் மேஜைக்கு அடியில் குந்தியிருக்கும் கம்ப்யூட்டர். என் முனகலுக்கு மருந்து ஒரு டம்ளர் காபி. அதன் முனகலுக்கு இன்னது மருந்து என்று யாரும் கண்டுபிடித்ததில்லை. மூன்று நிமிஷம் முனகிவிட்டு, 'சரி, உன் தலையெழுத்து, வா' என்கிற மாதிரி திரையைக் காட்டும்.

அதை வாங்கியது 2011-ல். என் முதல் தொடர்கதை புத்தகமாக வந்து, பதிப்பாளர் ஒரே தவணையில் பணம் கொடுத்த அதிசய வருஷம் அது. ரிச்சி தெருவில் உதிரி உதிரியாக வாங்கிப் பூட்டிக் கொண்டு வந்தோம். உள்ளே இருப்பது இன்டெல் ஐ5-2400 என்னும் பிராசஸர். அந்த வமிசமே அந்த வருஷம் ஜனவரியில்தான் சந்தைக்கு வந்திருந்தது. புது மாப்பிள்ளை மாதிரி அதை வீட்டுக்கு அழைத்து வந்தேன். இன்று அதன் ஸ்திதி வேறு. விண்டோஸ் 11 தன் பந்தியில் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவர்களைப் பெரும்பாலும் உட்கார விடுவதில்லை. எங்களுடையது இரண்டாம் தலைமுறை. வாசலோடு சரி.

எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. நாவல் எழுத எத்தனையாவது தலைமுறையாக இருந்தால் என்ன? குறை என் பையனுக்கு. பிளஸ் டூ படிக்கிறான். படம் வரைந்து, அதை நடக்க வைத்து, பேச வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குப் பிளெண்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. காலணா கொடுக்க வேண்டாம். 2002-ல் அதை வைத்திருந்த கம்பெனி மூடப்பட்டபோது, அதன் அபிமானிகள் சில வாரங்களில் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து அதை எல்லோருக்கும் பொதுவாக்கி விட்டார்கள். லாட்வியா தேசத்து இளைஞர் ஒருவர் அதை வைத்தே 'ஃப்ளோ' என்று ஒரு பூனைக் கதையை எடுத்து, 2025-ல் ஆஸ்கார் பரிசும் வாங்கிவிட்டார். இந்தச் சமாசாரத்தை என் பையன் ஒரு மாதத்துக்குள் என்னிடம் பதினேழு தடவை சொல்லியிருப்பான். பூனைக்கு வசனமே கிடையாதாம். வசனம் எழுதிப் பிழைக்கிற தகப்பனிடம் இதைச் சொல்லலாமா என்று அவன் யோசிக்கவில்லை.

ஆனால் இன்றைய பிளெண்டர் எங்கள் பெட்டியில் திறக்கவே மாட்டேன் என்றது. பிராசஸரோடு கூடப் பிறந்த குட்டி கிராபிக்ஸ் அதற்குப் போதாது. புதுக் கம்ப்யூட்டர் என்றால் எழுபது எண்பதாயிரம் ஆகும். நான் ஒரு ராஜி சொன்னேன்.

"இந்தப் பெட்டியிலேயே ஒரு கிராபிக்ஸ் கார்டைச் சொருகிப் பார்க்கலாம். முறையாகச் சோதனை செய்வோம். ஓடினால் சரி. ஓடாவிட்டால் ஒழுங்காக இன்ஜினீயரிங் படி. அப்புறம் உன் சம்பாத்தியத்தில் வாங்கிக் கொள்."

"சரி அப்பா" என்றான். அவன் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக் கொண்டது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம். பதினான்கு வருஷத்தில் அந்தத் தெரு மாறவில்லை. நான்தான் இளைத்து நடந்தேன். கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது 2022-ல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. பையன் தலையை ஆட்டிவிட்டான். கார்டுக்கும் தாய்ப்பலகைக்கும் நடுவே பதினாறு தடம் கொண்ட ஒரு சாலை உண்டு. அந்தக் கார்டு அதில் நாலே தடத்தைத்தான் உபயோகிக்கும். புதுப் பலகையில் ஒவ்வொரு தடமும் வேகமானது, சமாளித்துவிடும். எங்களுடையதைப் போன்ற பழம் பலகையில் திணறும். இதையெல்லாம் அவன் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னபோது அவர் என்னைப் பார்த்து, "பையன் என்ன சார் படிக்கிறான்?" என்று கேட்டார். நான் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

கடைசியில் பழைய கார்டு ஒன்றை வாங்கினோம். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-ல் வந்தது. நாலு ஜிகாபைட் நினைவகம். 75 வாட்டுக்குள் குடித்தனம் நடத்துகிற சிக்கனக்காரி. அதற்கென்று தனி மின்சாரக் கம்பி வேண்டாம், சொருகிய இடத்திலிருந்தே எடுத்துக் கொள்ளும். கடைக்காரர், "ஒரு டாக்டர் வீட்டிலே இருந்தது சார், ராத்திரி ஒரு மணி நேரம்தான் போடுவார்" என்றார். இந்த டாக்டர்கள்தான் எத்தனை பழைய கார்களை, எத்தனை பழைய ஸ்கூட்டர்களை அலுங்காமல் ஓட்டி நம்மிடம் விற்றிருக்கிறார்கள்! இப்போது கார்டுகளும்.

அதனால் முதல் பரீட்சை, கார்டு அசலா போலியா என்பது. பழைய, சக்தியற்ற கார்டின் உள்ளெழுத்தைத் திருத்தி, 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்கிற கைங்கர்யம் ஒரு காலத்தில் ஏகமாக நடந்தது. ஜிபியு-இசட் என்று ஒரு சின்னப் புரோகிராம் இருக்கிறது. உள்ளே இருக்கும் சில்லைப் பார்த்து, பொய் என்றால் பெயருக்கு முன்னாலேயே 'போலி' என்று போட்டுவிடும். எங்களுடையது அசல். 768 கோர்களும் ஆஜர். டாக்டர் வாழ்க.

இரண்டாவது, சூட்டுப் பரீட்சை. ஃபர்மார்க் என்ற புரோகிராமை ஓட விட்டான். திரையில் உளுந்து வடை ஒன்று தோன்றிச் சுழன்றது. வடைக்கு உடம்பெல்லாம் ரோமம்! ஒவ்வொரு ரோமத்தையும் வரைந்து தீர்ப்பதற்குள் கார்டுக்கு மூச்சு முட்டிவிடும், அதுதான் உத்தேசம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "கர்மம், இதைப் பார்த்தப்புறம் யாருக்கு வடை இறங்கும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கால் மணி நேரம் பார்த்தோம். சூடு 70 டிகிரியைத் தாண்டவில்லை. விசிறி உயர்ந்த சுருதியில் பாடியது, அவ்வளவுதான்.

மூன்றாவது பரீட்சையில்தான் வினை. ஒரு நகரத்தில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்து, விநாடிக்கு எத்தனை படம் வருகிறது என்று பார்ப்பது. அன்று எனக்கு வெளியே ஒரு கூட்டம். திரும்பி வந்தபோது பையன் நோட்டுப் புத்தகத்தை நீட்டினான். '1080 – சராசரி 49. நன்றாக ஓடுகிறது' என்று எழுதியிருந்தது.

"இந்தக் கம்ப்யூட்டரே போதும் அப்பா."

அவனுக்குத் தெரியாத ஒரு விஷயம்: மூன்று ராத்திரி நான் தூங்காமல் இந்தச் சோதனைகளைப் பற்றியே படித்துக் கொண்டிருந்தேன். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடிக்காதவன், இந்த வயதில் பரீட்சைக்குப் படித்தேன் என்றால் ஆச்சரியமாக இல்லையா? நான் புரிந்து கொண்டதைக் கல்யாணப் பந்தியாக வைத்துச் சொல்கிறேன். கிராபிக்ஸ் கார்டு என்பது பரிமாறுகிற கூட்டம், 768 பேர், கையில் கரண்டி. பிராசஸர் என்பது உள்ளே சமைத்துக் கொடுக்கிறவர்கள், எங்கள் வீட்டில் நாலு பேர், அதுவும் வயசானவர்கள். ஒவ்வொரு படமும் ஒரு பந்தி. பந்தி தாமதமானால் குற்றம் யாருடையது என்று கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி: இலையைச் சின்னதாக்கிப் பார். அதாவது 1080 வரிப் படத்தை 720-ஆகக் குறை. பரிமாறுகிறவர்களுக்கு வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிடும். சமைக்கிறவர்களுக்குக் குறையாது. பந்தி இப்போது வேகமாக நடந்தால் தாமதம் கூடத்தில். அப்படியே நடந்தால் அடுப்படியில்.

சராசரி என்பதையும் நம்பக் கூடாது. எங்கள் தெருக் குழாய்க்கும் சராசரி உண்டு. நாளைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கில் பூரணமாக இருக்கும். விடிகாலை மூன்று மணிக்கு வந்துவிட்டுப் போயிருக்கும். நூற்றில் ஒரு பங்கு மோசமான படங்கள் எந்த வேகத்தில் வந்தன என்று தனியாகப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு உறுத்துவது அதுதான்.

"720-ல் வைத்துப் பார்த்தாயா?" என்று கேட்டேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் இந்தக் கேள்வியைக் கேட்பேன் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"பார்த்தேன்."

"எவ்வளவு?"

"அம்பத்தொண்ணு."

"மோசமான ஒரு பங்கு?"

"பத்தொம்பது." கொஞ்சம் பொறுத்து, தானாகவே சொன்னான்: "தெரு முனை திரும்பும்போது நின்னு நின்னு போகுது. கார்டு பாதி நேரம் சும்மா இருக்கு."

"ஏன் எழுதவில்லை?"

"எழுதினா, ஓடலேன்னு சொல்லிடுவீங்களே அப்பா."

சொல்லியிருப்பேன். அதுதான் உண்மை. இந்தப் பரீட்சையை நான் வைத்ததே அதற்காகத்தான். இருபது வயதில் படிப்பை உதறிவிட்டு, கதை எழுதப் போகிறேன் என்று என் தகப்பனார் முகத்தைப் பார்த்துச் சொன்னவன் நான். அவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் பிள்ளையிடம் 'படம் வரைந்தால் சோறு கிடைக்காது' என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆகவே அந்தக் கெட்ட பெயரைக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொள்ளட்டும் என்று பார்த்தேன். பதினான்கு வருஷம் எனக்காக உழைத்த பெட்டி, இதையும் செய்துவிட்டுப் போகட்டுமே! மூன்று ராத்திரி நான் கண் விழித்துப் படித்ததுகூட, எந்த இடத்தில் அது தோற்கும் என்று தெரிந்து வைத்துக் கொள்ளத்தான்.

அந்த இடத்தில் வாயை மூடிக் கொண்டிருந்தால் என் காரியம் ஜயம். ஆனால் படித்த பாடம் ஒன்று தொண்டையில் நின்றது.

"நீ கார் ஓட்டி விளையாடவா கார்டு கேட்டாய்?"

"இல்லே."

"பின்னே ஏன் அதை வைத்துச் சோதிக்கிறாய்?"

"எல்லாரும் அப்படித்தானே அப்பா பண்றாங்க."

விளையாட்டில் ஒவ்வொரு விநாடியும் சமையலறைக்கும் கூடத்துக்கும் ஐம்பது தடவை நடக்க வேண்டியிருக்கிறது. பிளெண்டரில் படம் வார்க்கும் வேலை அப்படியில்லை. காட்சி முழுவதையும் ஒரு தடவை அண்டாவோடு கூடத்துக்குத் தூக்கிக் கொண்டு வந்து வைத்துவிட்டால், அப்புறம் 768 பேரும் நிமிஷக் கணக்கில் தாங்களே பரிமாறிக் கொள்வார்கள். சமையற்காரர்கள் திண்ணையில் போய் வெற்றிலை போடலாம். சாலை குறுகலாக இருப்பதும் அவ்வளவு பாதிக்காது. ஒரே ஒரு நிபந்தனை, அண்டா கார்டின் நாலு ஜிகாபைட்டுக்குள் அடங்க வேண்டும்.

அன்று ராத்திரியே பார்த்தோம். சோதனைக்கென்றே உலகம் முழுவதும் உபயோகிக்கிற கார்ப் படம் ஒன்று இருக்கிறது. பிராசஸரை மட்டும் வைத்து வார்க்கச் சொன்னோம். 14 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. கார்டிடம் கொடுத்தோம். 5 நிமிஷத்தில் முடிந்தது. அந்த ஐந்து நிமிஷமும் 'கார்டின் உழைப்பு' என்ற இடத்தில் 98, 99 என்றே காட்டிக் கொண்டிருந்தது. பையன் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கொண்டிருந்தான்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் ஓடுவது, துணி பறப்பது போன்றவற்றைக் கணக்கிடுவது பெரும்பாலும் சமையற்காரர்கள் பொறுப்புத்தான். அதில் எங்கள் நாலு கிழவர்கள் இன்னும் தள்ளாடுகிறார்கள். எட்டு ஜிகாபைட் நினைவகத்தைப் பதினாறாக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி விஷயமும் அப்படியேதான் நிற்கிறது. என் மனைவி ஒரு நாளைக்கு ஒரு கட்சியில் இருக்கிறாள்.

போன வாரம் அவன் தன்னுடைய சொந்தக் காட்சி ஒன்றை வார்த்தான். பத்து விநாடிப் படம். விநாடிக்கு 24 வீதம் 240 படங்கள். ஒன்றுக்கு நாலு நிமிஷம் என்றால் 16 மணி நேரம். மாலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது. மின்சாரம் போனால் நடுவிலே நின்றுவிடும் என்று, அன்று மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றுக்கும் வீட்டில் தடை உத்தரவு. எனக்கு மறுநாள் தொடர்கதை அத்தியாயம் கொடுக்க வேண்டிய கெடு. கம்ப்யூட்டரை அவன் பிடித்துக் கொண்டு விட்டதால், பல வருஷத்துக்குப் பிறகு காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். நாலு வரி எழுதுவதற்குள் விரல் வலித்தது. மேஜைக்கு அடியில் பெட்டி ஒரே சீராக முனகிக் கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணி சுமாருக்கு எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். தொண்ணூறாவது படம். ஓட்டு வீடு, அரிக்கன் விளக்கு, வாசலில் ஒரு பசு. என் தாயாரின் ஊர் வீடு அப்படித்தான் இருக்கும். அவன் ஐந்து வயதில் பார்த்தது. முளை அடித்திருந்தது, ஆனால் அதில் கயிற்றைக் காணோம். இது தெரியாமல் என்ன படம் வரைகிறான்!

அவன் தூங்கவில்லை. பாயில் படுத்தபடி விழித்துக் கொண்டிருந்தான்.

"ஏண்டா, மாட்டைக் கட்டவே இல்லையே? கயிறு எங்கே?"

"அது கன்னுக்குட்டியோட கயிறு அப்பா. அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. பசு அதைத்தான் பார்த்துக்கிட்டு நிக்குது" என்றான்.