தரை சொன்ன சாட்சி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லிவைத்த பெரியவர், "தரையைப் போட்டுப் பார்" என்பதையும் சேர்த்திருக்கலாம். அந்த மூன்றாவது பரீட்சையில் நாம் தவறிய கதையை நேயர்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிட உத்தேசம்.

2023-ஆம் வருஷப் பொங்கலுக்குள் நமது பழைய வீட்டைப் புதுப்பித்துவிட வேண்டுமென்று முனைந்தோம். கூடத்தின் முன்பாதி, நம் தகப்பனார் காலத்துச் சிவப்புத் தரை. பின்பாதி, புதிதாகப் போட்ட கான்கிரீட். இரண்டின்மேலும் இரண்டடிச் சதுர விட்ரிபைடு டைல்ஸ் பதித்தாயிற்று. வந்தவர்களெல்லாம் பளபளப்பைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ் முழுவதும் நமக்கே உரியது என்று ஏற்றுக்கொண்டோம்.

சித்திரை பிறந்தது. ஒரு நாள் பிற்பகல், கூடத்தில் 'படார்' என்று ஒரு சத்தம். ஓடிப் பார்த்தால், நடுவில் நான்கு ஓடுகள் கூடாரம்போல் நிமிர்ந்து நின்றன. வயது முதிர்ந்த நம் தாயார் அவற்றில் இடறி விழாமல் தப்பியது தெய்வச் செயல்.

நமக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மேஸ்திரிக்குத் தர வேண்டிய 5,000 ரூபாய் பாக்கியை இனித் தருவதில்லை என்று தீர்மானித்தோம். அத்துடன் நின்றோமா? அவரை வாசலிலேயே நிறுத்தி, நாலு பேர் கேட்க, "வேலை தெரியாதவர்" என்று சொல்லிவிட்டோம்.

அவர் பதில் பேசவில்லை. உள்ளே வந்தார். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். சில இடங்களில் 'டக்' என்றது. பல இடங்களில் வெறும் பானையைப்போல் 'டொங்' என்றது.

"டொங் என்றால் அடியில் பிடிப்பு இல்லை, ஐயா" என்றார். பிறகு ஓடுகளைப் பெயர்த்துக் கவிழ்த்து வைத்தார். "எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று பாருங்கள். ஓடும் சாந்தும் பிரிந்தால் ஒரு காரணம். சாந்தும் தரையும் பிரிந்தால் வேறு காரணம். சாந்தே நடுவில் பிளந்தால் கலவையில் சத்தில்லை."

இருபது வருஷமாகப் பாடம் சொல்லும் நாம், இத்தனை தெளிவாக ஒரு பாடம் நடத்தியதில்லை.

பின்பாதி ஓடுகளின் முதுகு, கழுவிய தட்டுப்போல் இருந்தது. சாந்து முழுவதும் கான்கிரீட்டோடு தங்கிவிட்டது. களிமண் ஓடு நீரில் ஊறும். அதன் நுண்துளைகள் சிமெண்டுப் பாலை உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும். விட்ரிபைடு ஓடோ தன் எடையில் அரை சதவிகிதத்துக்குமேல் நீரை ஏற்பதில்லை. வெறும் சிமெண்டு அதில் எதைப் பற்றும்? அதற்கென்றே உள்ள பசைக் கலவை வேண்டும். அதை வாங்கச் சொன்னவர் மேஸ்திரி. "இத்தனை காலம் சிமெண்டு போதவில்லையா?" என்று கேட்டவர் நாம். அதில் மிச்சம் பிடித்தது சுமார் 4,000 ரூபாய்.

முன்பாதி ஓடுகள் சாந்தையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தன. சாந்தின் அடிப்புறம் வழுவழுவென்று, செம்மை படிந்து இருந்தது. பல வருஷம் எண்ணெயும் மெழுகும் தேய்த்து வளர்த்த தரை அல்லவா? அதைக் கொத்திவிட்டுத் தூசி போகக் கழுவிய பிறகே பதிக்க வேண்டுமென்று அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டிருந்தார். பொங்கலைக் காரணம் காட்டி மறுத்தவர்களும் நாமே.

"என் தப்பும் ஒன்று உண்டு, ஐயா" என்று அவர் சுவரோரத்தைக் காட்டினார். ஓடுகள் சுவரை முட்டிக்கொண்டிருந்தன. கோடையில் ஓடு சிறிது விரியும். ஓரத்தில் கால் அங்குலம் விட்டிருந்தால் அந்த விரிவுக்கு இடம் கிடைத்திருக்கும். இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, பிடிப்பற்ற இடத்தில் மேலே கிளம்பிவிட்டன.

ஆக, குற்றங்கள் மூன்று. இரண்டு நம்முடையவை, ஒன்று அவருடையது. கேட்காமலே ஒப்புக்கொண்டவர் அவர் ஒருவரே.

கூடம் முழுவதையும் பெயர்த்து மறுபடி பதிக்கக் கூலியும் பொருளுமாக ஆன செலவு, நாம் மிச்சம் பிடித்ததைப்போல் பல மடங்கு. பழைய பாக்கியையும் சேர்த்துக் கொடுத்தோம். வாசலில் வைத்துச் சொன்ன வார்த்தையை வாசலில் வைத்தே திரும்பப் பெற்றோம். பணம் கொடுப்பதைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. "அதனால் என்ன, ஐயா?" என்று சொல்லி, அவர் கரணையைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கணக்கில் தவறினால், "இவனுக்குப் படிப்பு வராது" என்று சொல்வது நம் வழக்கமாக இருந்தது. இப்போது அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்று முதலில் பார்க்கிறோம்.