சட்டை தந்த ஊர்... சட்டையைத் துறந்த தெரு!

மதுரை மாட்டுத்தாவணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். மாட்டுக்கு எதற்குத் தாவணி? பாவாடை தாவணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மாடுகளை வரிசையாகக் கட்டிவைக்கும் நீளமான கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அதுவே மாட்டுச் சந்தைக்கும் பெயராகிவிட்டது. இந்தப் பகுதியில் 1999-ல் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் வந்தது. இப்போது மாடுகளுக்குப் பதில் பஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

தீபாவளி நெருங்கினால், மேலூர், நத்தம் பக்கத்துக் குடும்பங்கள் துணி எடுக்க இங்கேதான் வந்து இறங்குவார்கள். ஷோரூம் கண்ணாடிக்குள் லூயி பிலிப், வேன் ஹூசன், ஆலன் சோலி என்று பெயர்கள் மின்னும். 'எல்லாம் ஃபாரின் அயிட்டம்பா' என்று நாமும் நகர்ந்துவிடுவோம். அந்தச் சட்டைகள் இந்தியாவுக்கு வந்ததே ஒரு மதுரை கம்பெனி வழியாகத்தான் என்பது தெரியுமா?

டவுன் பஸ் பிடித்து மதுரை ரயில் நிலையம் பக்கம் போங்கள். ஊர்க்காரர்கள் 'ஹார்வி மில்' என்று சொல்லும் மதுரா மில் அங்கேதான். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய நூற்பாலை இது. 1974-ல் தையல் நூலுக்குப் பேர்போன கோட்ஸ் கம்பெனியோடு இணைந்து, 'மதுரா கோட்ஸ்' ஆனது. நூல் விற்ற கம்பெனி அடுத்து சட்டையில் இறங்கியது. 1989-ல் லூயி பிலிப், 1990-ல் வேன் ஹூசன், 1993-ல் ஆலன் சோலி. துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்து, 'எப்ப கிடைக்கும்?' என்று நடையாய் நடந்த ஆண்கள், ரெடிமேட் சட்டைக்கு மாறிய காலம் அது. பிறகு அந்தப் பிரிவு ஆதித்ய பிர்லா குழுமத்துக்குக் கைமாறியது. 'மதுரா' என்ற பெயர் மட்டும் போகவில்லை.

மில்லிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேலமாசி வீதி. இங்கே 251-ஏ எண்ணுள்ள வீட்டின் மாடியில்தான் காந்தி தங்கியிருந்தார். அந்நியத் துணியை விட்டுவிடுங்கள், கதர் கட்டுங்கள் என்று அவர் சொன்னபோது, 'கதர் வாங்க எங்களுக்கு வசதி இல்லையே' என்று ஏழைகள் பதில் சொன்னார்கள். அது அவரை உலுக்கிவிட்டது. 1921 செப்டம்பர் 22 அன்று தொப்பியையும் சட்டையையும் விட்டுவிட்டு, முழங்கால் வரையிலான வேட்டியோடு வெளியே வந்தார். முதலில் அக்டோபர் 31 வரைக்கும் என்றுதான் சொன்னார். ஆனால், கடைசிவரை அந்த உடைதான். 1931-ல் லண்டன் அரண்மனையில் மன்னரைச் சந்தித்தபோதும் அதே கோலம்தான்! இப்போது அந்த இடத்தில் கதர் கடை இருக்கிறது.

ஒரே ஊர். ஒரு பக்கம், நாட்டுக்கே மேல்நாட்டுச் சட்டையைப் பழக்கிய கம்பெனி. இன்னொரு பக்கம், சட்டை வாங்க முடியாதவருக்காகச் சட்டையைக் கழற்றிய மாடி. துணி எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இன்றைக்கும் எழும் 'நமக்குக் கட்டுப்படியாகுமா?' என்ற கேள்விதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

திரும்பும் வழியில் இரண்டு இடங்களை விட்டுவிடாதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலின் புதுமண்டபத்தில் பல காலம் தைத்துக்கொண்டிருந்த டெய்லர்கள், இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அங்கே அளவு கொடுத்து ஒரு சட்டை தைத்துப் பாருங்கள். அடுத்து, தமுக்கம் பக்கத்தில் காந்தி மியூசியம். 1959-ல் திறந்தது. சுடப்பட்ட அன்று காந்தி உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, மேலமாசி வீதிக் கதையைச் சொல்லுங்கள்.