கையில் வெண்ணெய், அலைந்தது நெய்க்கு

சாவி என் கையில். கார் என் எதிரில். பின் சீட்டில் அம்மாவின் மஞ்சப்பை கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரிகிறது. கதவு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. நேரம் விடியற்காலை 4:40. போன வருஷம், அதாவது 2025 ஜனவரி. தில்லி மயூர் விஹாரில் எதிர் பிளாக் இருக்கிறதா, யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா என்றே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம்.

ஏழு மணிக்கு அம்மா ஆஸ்பத்திரி வார்டில் இருக்க வேண்டும். வலது கண்ணில் விழித்திரை ஆபரேஷன். இடது கண் சர்க்கரையால் ஏற்கெனவே முக்கால்வாசி போய்விட்டது, ஆகவே இருப்பது இந்த ஒரு கண்தான். அரசு மருத்துவமனை, இரண்டரை மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறவிட்டால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அந்த மஞ்சப்பைக்குள்தான் ஓ.பி. சீட்டு, ஈ.சி.ஜி., சர்க்கரை ரிப்போர்ட், மயக்க மருந்து டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள், கும்பகோணத்தில் ஆரம்பித்த நாளிலிருந்து சேர்த்த சகல காகிதமும் இருக்கிறது. விடியற்காலை அவசரத்தில் மறந்துவிடக் கூடாது என்று முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கே கொண்டுபோய் வண்டியில் வைத்த மகா புத்திசாலி அடியேன்.

சாவி என்று சொன்னேனே, அது சாவியே இல்லை. சோப்புத் துண்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக், அதில் மூன்று பொத்தான். அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாவியின் செல் தீர்ந்திருக்கும் என்று மாடிக்கு ஓடி இன்னொரு சாவியை எடுத்துவந்தேன். அதுவும் அப்படியே. போனில் இருக்கும் ஆப்பைத் திறந்தால் 'வாகனத்துடன் தொடர்பு இல்லை' என்கிறது. கடைசியாகத் தொடர்பு இருந்தபோது பாட்டரி 71 சதவீதம். 71! எங்கள் வீட்டை மூன்று, நான்கு நாள் ஓட்டுகிற அளவு கரண்ட் அந்த வண்டியின் வயிற்றில் இருக்கிறது, ஒரு கதவைத் திறக்க வக்கில்லை.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன்.

பத்து வருஷம் ஆன டீசல் வண்டி தில்லியில் ஓடக் கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. என் டீசல் வண்டிக்கு 2022-ல் பத்து முடிந்தது. விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கினேன். அப்பா போன பிறகு 2023-ல் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து கிளப்பிக் கொண்டுவந்தபோது, "இங்க எல்லாமே வசதிம்மா, ஒரு பட்டனைத் தட்டினா போதும்" என்று நான் விட்ட பீலாக்களில் இந்தக் காரும் ஒன்று. அம்மா வரும்போது கொண்டுவந்தது இரண்டு டிரங்குப் பெட்டி. இரண்டுக்கும் பூட்டு, இரண்டு சாவியும் இடுப்பில்.

கொசுவத்தி முடிந்தது.

கம்பெனியின் அவசர உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். பதினோரு நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன்தான். "சார், 12 வோல்ட் பாட்டரி டவுன் ஆகியிருக்கும். பானெட்டைத் திறந்து ஜம்ப் பண்ணுங்க" என்றான். பானெட் திறக்கிற நெம்பு காருக்குள்ளே இருக்கிறதே அப்பா என்றேன். "கதவைத் திறந்து இழுங்க சார்." கதவு திறக்க? "12 வோல்ட் பாட்டரி வேணும் சார்." கையேட்டில் வழி போட்டிருக்கும், பாருங்கள் என்றான். கையேடு எங்கே இருக்கிறது? டாஷ்போர்டுப் பெட்டிக்குள். ஆள் அனுப்புகிறேன், பனியால் இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று சொல்லி வைத்துவிட்டான்.

நான் ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துவிட்டேன். நிஜமாகவே. பின் கதவுக் கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துவிடுவது என்று முடிவு. தங்கமணி, "இருங்க, அவசரப்படாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டில்ட் பார்க்கிங்கில் போனில் சிக்னல் இல்லை என்று கேட் பக்கம் ஓடி வீடியோ தேட ஆரம்பித்தாள். அம்மா குரங்குக் குல்லாய், இரண்டு சால்வையோடு தூணில் சாய்ந்து நின்றாள். வெறும் வயிறு. மாத்திரையும் போடக் கூடாது.

"ஏண்டா தம்பி, பூட்டுன்னா சாவித் துவாரம் இருக்காதா?"

"இது அந்த மாதிரி வண்டி இல்லம்மா."

"கரண்டு போனா என்ன பண்ணணும்னு யோசிக்காமயா செஞ்சிருப்பான்? எங்கயாச்சும் வச்சிருப்பான், பாரு."

இது நான் தட்டவேண்டிய ஒரு பேச்சாகத்தான் அப்போது பட்டது. அதற்குள் தங்கமணி மூச்சு வாங்க ஓடி வந்தாள். சாவிக் கட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருக்கிறதாம். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து ஒரு இரும்புச் சாவி வருகிறது! இரண்டே முக்கால் வருஷமாக என் பாக்கெட்டில் கிடந்திருக்கிறது. அதைச் செருகும் துளை டிரைவர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில், பெயின்ட் அடித்த ஒரு மூடிக்குள் ஒளிந்திருந்தது. சாவி முனையைக் கொடுத்து நெம்பினேன், மூடி தெறித்துக் கீழே விழுந்தது. திருகினேன். கதவு திறந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அம்மாவிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் :-)

மஞ்சப்பை கைக்கு வந்துவிட்டது. இனி டாக்சி பிடித்தால் போதும் என்று நினைத்தோம். அந்தப் பனியில் மூன்று டாக்சிகள் புக் ஆகி, மூன்றும் ரத்து. நாலாவது வரவே இல்லை. மணி 5:20.

அப்போதுதான் கேட்டில் ஒரு ஈ-ரிக்‌ஷா வந்து நின்றது. காஜிப்பூர் பூ மண்டியிலிருந்து, குருவாயூரப்பன் கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவை மூட்டையோடு இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. தில்லிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காக: மூன்று சக்கரம், தகரக் கூரை, கதவு கிடையாது, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்பது சட்டம். 2014-ல் தில்லி உயர் நீதிமன்றம் இவற்றைத் தடை செய்தது. 2015-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தித் திரும்பக் கொண்டுவந்தார்கள். தடை வந்த அன்றைக்கு, மெட்ரோ வாசலில் இனிமேல் நெரிசல் இருக்காது என்று ஆபீஸில் சந்தோஷப்பட்ட கும்பலில் நானும் உண்டு.

ஓட்டுபவர் தர்பங்காப் பக்கத்து ஆள், ஐம்பது வயசு இருக்கும். ஆஸ்பத்திரி வரைக்கும் வருவீர்களா பய்யா என்று கேட்டேன். அவ்வளவு தூரம் சார்ஜ் தாங்காது, பெரிய ரோட்டில் விடவும் மாட்டான் என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார், திறந்து கிடந்த காரைப் பார்த்தார். என்ன கோளாறு என்று கேட்டார். சொன்னேன். "பாரா வோல்ட்?" என்றார். ஆமாம், பன்னிரண்டு. தன் சீட்டைத் தட்டிக் காட்டினார். "மேரே பாஸ் சார் ஹைன்."

அவர் சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் பாட்டரி நான்கு வரிசையாக. நான்கும் சேர்ந்தால் 48 வோல்ட், அதில்தான் வண்டி ஓடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் எனக்கு வேண்டிய அதே 12.

ஆனால் உடனே கழற்றிவிடவில்லை. "ஜாஸ்தி இழுக்காதே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான்கில் ஒன்று மட்டும் சோர்ந்துபோனால் மற்ற மூன்றையும் அது கெடுக்கும். நான்கையும் மாற்ற முப்பதாயிரத்துக்கு மேல் ஆகும், போன தடவை கடன் வாங்கித்தான் மாற்றினாராம். பெட்ரோல் வண்டி என்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். இதில் சுழற்ற எதுவும் இல்லை, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினால் போதும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கையையும் காலையும் ஆட்டி விளக்கினேன். எவ்வளவு புரிந்ததோ. "மாதாஜிக்குக் குளிருது, சீக்கிரம்" என்று ஸ்பானரை எடுத்துவிட்டார்.

ஜம்பர் கேபிள் என்னிடம் இருந்தது, டீசல் வண்டிக் காலத்தது. இருந்தது டிக்கியில். டிக்கியும் கரண்ட் பூட்டு. பின் சீட்டை மடித்து, 82 கிலோ உடம்பை நுழைத்து, இருட்டில் துழாவி எடுத்தேன். சொசைட்டி வாட்ச்மேன் டார்ச் அடித்துக்கொண்டே சிரித்தது எனக்குத் தெரியும். இரும்புக் கம்பியால் வேலை செய்கிற பானெட் நெம்பு மட்டும் எந்தப் பிகுவும் பண்ணாமல் திறந்தது.

அவர் பாட்டரியைத் தோளில் தூக்கிவந்து வைத்தார். சிவப்பு கேபிள் பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்கு. கறுப்பின் ஒரு முனை அவர் பாட்டரி மைனஸில், மறுமுனை கடைசியாக என் வண்டியின் வெறும் இரும்பில். இணைத்த மறுநொடி வண்டி ஊரைக் கூட்டிக் கத்த ஆரம்பித்தது! இரும்புச் சாவியால் திறந்ததைத் திருட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, பாவம். மூன்றாவது மாடி சர்தார்ஜி பால்கனிக்கே வந்துவிட்டார். சோப்புத் துண்டுப் பொத்தானை அழுத்தினேன், அடங்கியது. பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் பொத்தான். பச்சையில் 'ரெடி'.

கேபிளைக் கழற்றினோம். மொத்தம் ஆறேழு நிமிஷம். அவர் பாட்டரியைத் திரும்ப மாட்டி, ஓட்டிப் பார்த்து, தலையை ஆட்டின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஐந்நூறு ரூபாய் நீட்டினேன். இருநூறு எடுத்துக்கொண்டார், மீதியை அம்மாவின் கையில் வைத்தார். 6:50-க்கு வார்டு வாசலில் இருந்தோம். வழியில் எங்கேயும் வண்டியை அணைக்கவில்லை, நிறுத்துமிடத்தில்கூட தங்கமணியை உள்ளே உட்கார வைத்துவிட்டுத்தான் ஓடினேன்.

என்ன ஆயிற்று என்று அப்புறம் மெக்கானிக் உட்கார்த்தி வைத்துச் சொன்னார். காரை ஓட்டுகிற பெரிய பாட்டரி முந்நூறு வோல்ட்டுக்கு மேல். வண்டி நிற்கும்போது அது மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டித்துக்கொண்டு விடும், பாதுகாப்புக்காக. மறுபடி சேர்க்கிறவை காண்டாக்டர் எனப்படும் பெரிய ரிலேக்கள். அவற்றை இழுக்க 12 வோல்ட் கரண்ட் வேண்டும். கதவுப் பூட்டு, சாவியின் சிக்னலைக் கேட்கிற ரிசீவர், ஆப்போடு பேசுகிற மோடம் எல்லாமே அந்தச் சின்ன பாட்டரியில்தான். அது செத்தால் சார்ஜரை மாட்டினாலும் ஏறாது, ஏற்றச் சொல்கிற கம்ப்யூட்டரே தூங்குகிறதே. வண்டி ஓடும்போது பெரியது சின்னதுக்கு ஊட்டுகிறது. சில மாடல்கள் நிற்கும்போதும் தானாகவே ஊட்டும், என்னுடையது அந்த ரகம் இல்லை.

நான் ஒன்பது நாள் வண்டியை எடுக்கவில்லை, வீட்டிலிருந்தே ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தினாலும் படம் பிடிக்கிற டாஷ்கேம் ஒன்று மாட்டியிருந்தேன். போதாக்குறைக்கு, சும்மா இருக்கும்போதெல்லாம் ஆப்பைத் திறந்து வண்டி சௌக்கியமா என்று விசாரிப்பேன். ஒவ்வொரு விசாரணைக்கும் அது விழித்தெழுந்து பதில் சொல்ல வேண்டும். குளிரில் ஈய-அமில பாட்டரி இன்னும் வலுவிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக ஓட்டின அன்று '12 வோல்ட் குறைவு' என்று திரையில் ஒரு எச்சரிக்கை வந்தது. எழுபது சதவீதம் இருக்கே, என்ன குறைவு என்று தள்ளிவிட்டேன். யார் மேலும் பழி போட வழியில்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஈய-அமில பாட்டரியை 1859-ல் பிளான்டே கண்டுபிடித்தார். நூறு வருஷம் முன்னால் மின்சாரக் கார்கள் அமெரிக்கத் தெருக்களில் நன்றாகவே ஓடின, ஏனென்றால் பெட்ரோல் காரை முன்னால் நின்று கையால் சுற்றிக் கிளப்ப வேண்டும். கெட்டரிங் என்பவர் பாட்டரியில் சுழலும் செல்ஃப் ஸ்டார்ட்டரைச் செய்தார். 1912-ல் காடிலாக் காரில் அது வந்தது, மின்சாரக் காருக்கு இருந்த பெரிய சௌகரியம் அதோடு போயிற்று. அன்றைக்கு எதிராளிக்குக் கைகொடுத்த அதே ரகப் பாட்டரிதான் இன்றைக்கு என் மின்சாரக் காரின் மூக்கணாங்கயிறு.

மின்சாரக் கார் வைத்திருக்கிற மக்கள் இன்றைக்கே எழுந்துபோய் இரும்புச் சாவியை ஒரு தடவை வெளியே இழுத்து, துளை எங்கே என்று பார்த்து, திருகிப் பாருங்கள். 12 வோல்ட் பாட்டரி எங்கே இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், சில வண்டிகளில் டிக்கியில் ஒளித்திருக்கிறார்கள். கையேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஜம்பர் கேபிளை வீட்டில் வையுங்கள். நான் பாட்டரியை மாற்றினேன், டாஷ்கேமுக்குப் போன ஒயரைப் பிடுங்கினேன். கைப்பிடி மூடி அன்றைக்குத் தெறித்து விழுந்தது விழுந்ததுதான், திரும்ப வாங்கி மாட்டவில்லை.

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடி ஆயிற்று. ஊசியில் நூல் கோர்க்க வராது, ஆனால் எதிரில் வருவது யார் என்று தெரிகிறது, நாலு அடியில் டி.வி. பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் காரை எடுக்கட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாள். தர்பங்காக்காரரின் நம்பரை என் போனில் போடச் சொல்லி வரவழைத்துக்கொள்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இந்தி தெரியாது, போகவர இருபது நிமிஷம் பேசிக்கொண்டே போகிறார்கள்.

ஏம்மா, குளிர்ல அதுல எதுக்குப் போற என்று ஒரு நாள் கேட்டேன்.

"அதுல கதவே இல்லடா. பூட்டிக்கிட்டு நிக்காது."