தாத்தாவின் வரைபடம்

விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது நிகழ்ந்தது இது. எங்கள் ஊர் மணமேல்குடிக்கு அருகே ஒரு மீனவ கிராமம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையோரப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் கடலை, 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. அதன் வரைபடத்தைத் தாத்தாவின் முன் பெருமையுடன் விரித்தேன்.

"கடல்லே கோடு எங்கேடா தெரியும்?" என்றார். புவியியல் மாணவன் சும்மா இருப்பேனா? அட்சரேகை, தீர்க்கரேகை என்று அரைமணி நேரம் அளந்தேன்.

அவர் கணக்கு வேறு. கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் ஒரே நேரில் வந்து, தெற்கே பள்ளிவாசல் மினாரா தலைகாட்டினால் அடியில் கடற்புல். ஆவுளியா மேய வரும் இடம். முன்பெல்லாம் இறைச்சிக்காக அங்கேயே வலை விரிப்பார்களாம். "நானும் தின்னவன்தான்" என்றார், என்னைப் பாராமல்.

ஆவுளியா பாலூட்டி, சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சடைத்துச் சாகும். (விசைப்படகின் இழுவைமடி கடற்புல்லையே வாரிக்கொண்டு போவது தனிக்கதை.) சென்ற ஆண்டு என் சித்தப்பா ஒன்றை வலையறுத்து விட்டார். அப்படி விடுவித்தவர்களுக்கு வனத்துறை வெகுமதி தந்ததுண்டு. நள்ளிரவில் தனியே அறுத்தவருக்கு யார் சாட்சி? வலைக்கடன் இன்னும் தீரவில்லை.

தாத்தா பென்சில் கேட்டார். மூன்று மேய்ச்சலிடங்களைக் குறித்தார். இரண்டு எல்லைக்கோட்டிற்குள் விழுந்தன. மூன்றாவது வெளியே.