களரி ஏறிய களிமண்

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவோரைப் பழமொழி எள்ளுகின்றது. மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்த எமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. மாரி வெள்ளம் வந்தால் மண்ணால் ஆனவை மண்ணாகிவிடும். ஆயினும், சுடாத மண்ணையே நம்பிப் பல தலைமுறையாக ஒரு கலையை வளர்த்துவரும் ஊர் ஒன்று சீன தேசத்தில் உண்டு. அதனை அறிந்த நாள் முதலாகப் படுவான்கரை வயல்களிற் காலில் ஒட்டும் சேற்றையும் நாம் சற்று மரியாதையோடு நோக்கி வருகின்றோம்.

அவ்வூரின் பெயர் வூசி. ஜியாங்சு மாகாணத்திலே, தாய்ஹூ என்னும் பேரேரிக்கு அண்மையில் உள்ளது. அங்கு ஹுவெய்ஷான் குன்றின் அடிவாரத்து வயல்களில், மேல்மண்ணின் கீழே, கருநிறமான நுண்ணிய களிமண் கிடைக்கின்றது. வளைத்தால் ஒடியாது, காய்ந்தால் எளிதில் வெடியாது. ஆதலாற் சூளையில் இடாமல் உலர்த்தி வர்ணந் தீட்டிவிடுவர். பயிர்வேலை ஓய்ந்த நாள்களில் உழவர் கையில் வளர்ந்த தொழில் இது. கொழுத்த கன்னமும் புன்னகையுமாக, சிங்கம் போன்றதொரு விலங்கை அணைத்தபடி அமர்ந்திருக்கும் ‘தா ஆ ஃபூ’ என்னும் குழந்தைப் பொம்மை பேர்போனது. அச்சில் அழுத்தி எடுப்பதாகையால் எளியோர் வீட்டுக்கும் அது எட்டியது.

எம்மை ஈர்த்தது அக்குழந்தையன்று. கையாற் பிசைந்தே செய்யும் நாடகப் பொம்மைகள். பழைய இசைநாடகக் காட்சியொன்றை இரண்டு மூன்று உருவங்களில் அப்படியே நிறுத்திவிடுகின்றனர். 19-ஆம் நூற்றாண்டு நடிகர் எவ்வாறு உடுத்தார், எவ்வாறு கைவீசி நின்றார் என்பதை இன்றும் அவற்றிற் காணலாம். வடக்கே தியென்ஜின் நகரில் 1826-இற் பிறந்த ஜாங் மிங்ஷான் என்பார், நாடகம் பார்க்கையிலே அகன்ற சட்டைக்கைக்குள் களிமண்ணை ஒளித்து வைத்து, கண்கள் மேடையில் இருக்க, விரல்களால் நடிகரின் முகத்தை வனைந்துவிடுவாராம். கதையாயினும் நல்ல கதை! அவர் பரம்பரையினர் மண்ணோடு பஞ்சைச் சேர்த்துப் பிசைவது வழக்கம்; அப்பஞ்சே வெடிப்பைத் தடுக்கும்.

இதனைப் படித்தபோது எமது கூத்துக்களே நினைவுக்கு வந்தன. வடமோடியும் தென்மோடியும் விடிய விடிய ஆடப்பட்ட நாடு இது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் அவற்றைச் சுருக்கிப் பேராதனை மேடைக்குக் கொண்டு சென்றார். அவரது ‘இராவணேசன்’ அப்பத்தாண்டிலேயே அரங்கேறியது. அதனாற் கூத்துக்குப் புதுவாழ்வு கிடைத்தது. பாட்டுக்களோ ஏடுகளில் உள்ளன. ஆயின் கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்தவன் வட்டக்களரியில் நிற்கும் நிலையை எந்த ஏடு காட்டும்? ஒளிப்படக் கருவி இருக்கின்றதே என்பர் சிலர். இருக்கட்டும், படம் பார்ப்பவனின் விரல்கள் எதனையும் கற்பதில்லை.

எமது தாய்மாமன் ஓர் அண்ணாவியார். அவர் அருச்சுனனாக ஆடிய காலத்துப் படங்கள் 1978 நவம்பர் 23-இல் வீசிய சூறாவளியிற் கூரையோடு போயின. சென்ற ஆண்டு எமது பேத்தி வயல்மண்ணைக் கொண்டுவந்து, அவர் முன்னிலையில் ஓர் அருச்சுனனைச் செய்யத் தொடங்கினாள். மாமன் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இல்ல புள்ள, அவன் இப்பிடி நிக்கமாட்டான். முழங்காலக் கொஞ்சம் மடக்கு. வில்லுப் பிடிக்கிற கை நெஞ்சுக்கு நேர வரோணும்” என்றார். சொல்லிப் புரியவைக்க இயலாமல், நடுங்கும் கால்களோடு எழுந்து நின்றே காட்டினார். பத்தாண்டுகளாக அவர் அவ்வாறு நின்றதை நாம் கண்டதில்லை. வாய் தாளக்கட்டைச் சொல்லிற்று. பேத்தியின் விரல்கள் அவசரமாக மண்ணைத் திருத்தின.

மூன்றாம் நாள் அருச்சுனனின் குதிகால் வெடித்தது. எமது மண்ணில் மணல் மிகுதி. தியென்ஜின் பஞ்சைப் பற்றிச் சொன்னோம். மறுநாளே வீட்டிலிருந்த இலவம்பஞ்சுத் தலையணையொன்று மெலிந்திருந்தது. இரண்டாம் அருச்சுனன் இப்போது சன்னலோரத்தில் வெடிப்பின்றி நிற்கின்றான். கரப்புடுப்பின் வளையங்கள் எத்தனை என்பதில் மாமனுக்கும் அவருடைய பழைய கூட்டாளி ஒருவருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. அது தீருமட்டும் வர்ணம் பூச வேண்டாம் என்பது மாமனின் கட்டளை.