சும்மாடு

ஆங்கில ஆண்டின் இறுதி நாளில் மனிதர் இரண்டு கணக்குகளைப் பார்ப்பது வழக்கம். ஒன்று, கழிந்த ஆண்டில் செய்து முடித்தவை. மற்றொன்று, வரும் ஆண்டில் செய்வதாக உறுதி கொள்பவை. என் வீட்டில் அவ்விரு கணக்கும் ஒரு தகரப் பெட்டிக்குள் அடங்கிவிடும். அப்பெட்டியில் பின்னல் ஊசிகளும், நூல் உருண்டைகளும், தொடங்கி முடிக்காமல் விட்ட வேலைகளும் உள்ளன.

நான் பெரம்பலூரில் வாழும் பள்ளி ஆசிரியை. இளமையில் கைவேலை வகுப்பில் கற்ற பின்னற்கலை இன்று வரை என்னை விட்டு நீங்கவில்லை. நெசவுக்குப் பாவும் ஊடையுமாகிய இருவகை நூல் வேண்டும், தறியும் வேண்டும். பின்னலுக்கோ ஒரே நூலும் இரண்டு ஊசிகளும் போதும். ஒரு கண்ணிக்குள் மற்றொரு கண்ணியை நுழைத்து இழுத்துக்கொண்டே சென்றால் துணி வளரும். ஆயின், ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ள கண்ணிகளும் ஏணிப்படி போல ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்துவிடும். ஆகையால், இக்கலை பயில்வோர்க்குக் கையின் விரைவினும் மனத்தின் அமைதியே பெரிதும் வேண்டும்.

பின்னல் என்றவுடன் குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டையே பலர் நினைவிற்கு வரும். எகிப்து நாட்டில் கிடைத்த மிகப் பழைய பின்னற் பொருள்களுள் நீலமும் வெண்மையும் கலந்த பருத்திக் காலுறைகள் உள்ளன. நாம் நாள்தோறும் அணியும் பனியனும் பின்னலே. திருப்பூர் உலகப் புகழ் பெற்றதும் பருத்திப் பின்னலாடையால் அன்றோ? இதனை அறிந்திருந்தும் நான் பல ஆண்டுகள் மறந்திருந்தேன். அம்மறதியை எனக்கு உணர்த்தியவர் என் தமக்கையார்.

தமக்கையார் வாழும் சிற்றூர் அரியலூர்ப் பக்கத்தில் உள்ளது. பெரம்பலூரிலிருந்து அரியலூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழியெங்கும் கரிசல் நிலம். அதில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இந்நிலப்பரப்பைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக்கல்லாயின. அக்கல்லே இன்று அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருளாகிறது. பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் அக்காள் வீட்டுப் பக்கம் சென்றுவிடலாம். எனினும் நான் போவதில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு கம்பளிப் போர்வையைப் பின்னி, அப்பக்கம் செல்வோர் எவரிடமேனும் கொடுத்து அனுப்பிவிடுவேன். இவ்வாறு நான்கு ஆண்டுகள் நான்கு போர்வைகள் சென்றன. என் கடமை முடிந்தது என்று மகிழ்ந்திருந்தேன்.

ஐந்தாம் ஆண்டு ஆசை பெருகிற்று. அக்காளுக்கும் உடன் பணிபுரியும் தோழியர் இருவருக்குமாக மூன்று போர்வைகள் பின்னத் திட்டமிட்டேன். ஒரு வரிசைக்கு 60 கண்ணிகள். ஒரு போர்வைக்கு 300 வரிசைகள். ஆக 18,000 கண்ணிகள். நிமிடத்திற்கு 20 கண்ணிகள் பின்னினாலும் ஒரு போர்வைக்கு 15 மணி நேரம் ஆகும். மூன்றுக்கு 45 மணி நேரம். பொங்கலுக்கு இருந்தவையோ 20 நாட்கள். நாள்தோறும் இரண்டேகால் மணி நேரம் உழைத்தால் அன்றி முடியாது. மாணவர்க்குக் கணக்குக் கற்பிக்கும் நான் இந்த எளிய கணக்கைப் போட்டுப் பாராமலே தொடங்கினேன். போகிப் பண்டிகையன்று மூன்றும் அரைகுறையாகப் பெட்டியிற் கிடந்தன.

அனுப்புவதற்குப் பரிசு இல்லை; ஆகவே நேரில் போகத் துணிந்தேன். வெறுங்கையுடன் வாசலில் நின்ற என்னைக் கண்ட அக்காள், "வா, வா! இந்த வருஷமாவது உனக்கு வழி தெரிந்ததே!" என்று இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அக்கைகள் எங்கும் கீறல்கள். அப்போது பருத்தி எடுப்புத் தொடங்கியிருந்தது. வெடித்த காயின் காய்ந்த முனைகள் முள்ளைப் போலக் கூர்மையானவை. பஞ்சைப் பறிக்கும்தோறும் அவை விரல்களைக் கீறும். இதனை நான் அறியாதவள் அல்லள். அக்கைகளைப் பார்த்துத்தான் நெடுநாள் ஆகியிருந்தது.

அன்று மாலை அக்காள் தம் மரப்பெட்டியைத் திறந்தார். நான்கு போர்வைகளும் மடிப்புக் கலையாமல், பூச்சி உருண்டைகளுடன் அடுக்கியிருந்தன. ஒன்றையேனும் அவர் போர்த்திக்கொண்டதாகத் தெரியவில்லை. என் முகம் வாடியதைக் கண்ட அவர், "வருத்தப்படாதே. நீ செய்தது என்று பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த வெயிலில் கம்பளியை எப்படிப் போர்த்திக்கொள்வது? உடம்பெல்லாம் அரிக்கிறது" என்றார். அவர் கூறியது மெய்யே. கடைகளில் 'உல்லன்' என்று விற்கும் நூலிற் பெரும்பகுதி ஆட்டு மயிரால் ஆனதன்று. செயற்கை இழையால் ஆனது. அது வேர்வையை ஈர்ப்பதில்லை. வீட்டைச் சுற்றிலும் வெண்பஞ்சு விளைந்து கிடக்க, எங்கோ செய்த செயற்கை நூலை வாங்கிப் பின்னி அங்கே அனுப்பியிருந்தேன்!

"அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேண்டும், அக்கா?" என்று கேட்டேன். நான்கு ஆண்டுகளில் அக்கேள்வியைக் கேட்டது அதுவே முதன்முறை.

அவர் சிறிது நேரம் எண்ணினார். "பஞ்சு மூட்டையைத் தூக்கும்போது தலை வலிக்கிறது. பழந்துணிச் சும்மாடு நழுவிக்கொண்டே இருக்கிறது. நழுவாத சும்மாடு ஒன்று செய்து தருவாயா?" என்றார்.

அவ்வளவே! ஊர் திரும்பியதும் தடித்த பருத்தி நூல் வாங்கினேன். மூன்று இழைகளை ஒன்றாகச் சேர்த்து, நான்கு விரல் அகலமும் மூன்று முழ நீளமும் உள்ள பட்டையாகப் பின்னினேன். அதனை இறுகச் சுருட்டி வளையமாக்கி, முனையைத் தைத்தேன். பின்னலுக்கு நெகிழும் தன்மை உண்டு. ஆதலால் அது தலையின் வடிவிற்கேற்பப் படிந்தது. பருத்தியாதலால் வேர்வையையும் உறிஞ்சியது. மூன்று மாலைகளில் முடிந்த வேலை அது. அதனை எவரிடமும் கொடுத்தனுப்பாமல் நானே எடுத்துச் சென்றேன்.

போர்வைகளும் வீணாகவில்லை. மக்காச்சோளக் காட்டில் பன்றி புகாமல் மார்கழிப் பனியில் இரவெல்லாம் காவல் இருப்போர் உண்டு. அக்காளின் கணவரும் அவ்வாறு இருப்பவரே. போர்வைகளை அவரும் அவருடன் காவல் இருக்கும் மூவரும் பெற்றுக்கொண்டனர். பொருளிற் குற்றமில்லை, அது சேர வேண்டிய இடத்தை நான் அறியாததே குற்றம்.

இவ்வாண்டில் ஐந்து முறை அக்காள் வீட்டிற்குச் சென்றேன். ஐந்தாம் முறை சென்றபோது சும்மாட்டைப் பார்த்தேன். வெண்மை மாறிக் கரிசல் மண்ணின் நிறம் ஏறியிருந்தது; ஓரத்தில் இரண்டு கண்ணிகள் அறுந்திருந்தன. பெட்டிக்குள் பளபளவென்றிருந்த நான்கு போர்வைகளைக் கண்டபோது உண்டாகாத மகிழ்ச்சி, அந்தத் தேய்ந்த வளையத்தைக் கண்டபோது உண்டாயிற்று. தேயாத பரிசு பயன்படாத பரிசு என்பதை உணர்ந்தேன். அங்கேயே அமர்ந்து அறுந்த கண்ணிகளைச் சேர்த்துக் கொடுத்தேன்.

இன்று மீண்டும் ஆண்டின் இறுதி நாள். தகரப் பெட்டி என் முன் திறந்திருக்கிறது. சென்ற ஆண்டின் மூன்று அரைகுறைப் போர்வைகளும் அதில் இன்னும் கிடக்கின்றன. போகியன்று பழையவற்றைத் தீயிலிடுவர். செயற்கை இழையைக் கொளுத்தினால் நச்சுப்புகையே எழும்; ஆகவே அவற்றைப் பிரித்துவிடப் போகிறேன். பல நாட்கள் பின்னியதைப் பிரிக்க ஒரு மாலைப்பொழுது போதும். பிரித்த நூல் பழைய கண்ணிகளை மறவாமல் சுருள் சுருளாக நிற்கும். அதனைச் சிட்டமாகச் சுற்றி, நீரில் நனைத்து, நிழலில் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். பிறகு அது புதிய வேலைக்கு உதவும். மனிதரின் பழக்கங்களும் இத்தகையனவே.

புத்தாண்டுக்கு நான் கொள்ளும் உறுதிகள் மூன்று. நாள்தோறும் அரைமணி நேரம் மட்டுமே பின்னுவேன். அவ்வாறு செய்தால் 30 நாட்களில் ஒரு போர்வை முடியும். எவருக்கு எதைச் செய்யினும் அவரது தேவையை முதலில் கேட்டறிவேன். செய்த பொருளை நானே சென்று கொடுப்பேன்.

மாணவர்களே! பொங்கல் விடுமுறையில் நீங்களும் உற்றார்க்குப் பரிசு அளிக்க விரும்புவீர்கள். பொருளைத் தேடுமுன் அவர்கள் கைகளை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எதைத் தர வேண்டும் என்பது அப்போது விளங்கும்.